போன் செட்டில் இடமா வலமா? கிளாவிக்கிள், ஃபிபுலா, பட்டெல்லா குழப்பம்

முதலாண்டு_முழி

பழைய ஹாஃப் செட் (ஒரு பக்கத்து எலும்புகள் மட்டும் உள்ள படிப்புப் பெட்டி). பெட்டி மேல் மார்க்கரில் 'வலது' என்று எழுதியிருக்கிறது. ஹியூமரஸ் (மேற்கை எலும்பு), ஃபீமர் (தொடை எலும்பு), ஹிப் போன் (இடுப்பெலும்பு) மூன்றும் வலதுதான், அதில் சந்தேகமில்லை. மற்றதில்தான் சிக்கல்:

கிளாவிக்கிள் (காறை எலும்பு) எப்படிப் பிடித்தாலும் இரண்டு பக்கமும் பொருந்துகிறது. ஃபிபுலாவில் (கீழ்க்காலின் வெளிப்பக்க மெல்லிய எலும்பு) எது மேல் முனை என்றே பிடிபடவில்லை. பட்டெல்லாவை (முழங்கால் சில்லு) மேசையில் வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுதான் அதன் பக்கம் என்கிறார்கள்; இது இடப்பக்கம் சாய்கிறது. அப்படியானால் பெட்டியில் எழுதியிருப்பது பொய்யா?

ஆஸ்டியாலஜி வைவாவில் (எலும்பியல் வாய்மொழித் தேர்வு) எலும்பைக் கையில் கொடுத்ததும் முதல் கேள்வியே "எந்தப் பக்கம்?" என்பதால் அவசரம்.

டெமோ_மேசை

கிளாவிக்கிள் இரண்டு பக்கமும் பொருந்துகிறது என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது தம்பி. எந்த எலும்பானாலும் மூன்று திசை தெரிந்தாக வேண்டும்: மேல்-கீழ், முன்-பின், உள்-வெளி. இரண்டு மட்டும் தெரிந்தால் எந்த எலும்பையும் எந்தப் பக்கத்திலும் மாட்டிவிடலாம். மூன்றாவதுதான் பக்கத்தைச் சொல்லும்.

கிளாவிக்கிளில் எல்லோரும் பிடிப்பது இரண்டைத்தான். தடித்து உருண்ட முனை ஸ்டெர்னம் (மார்பெலும்பு) பக்கம், தட்டையான முனை தோள் பக்கம். உள் மூன்றில் இரண்டு பங்கு முன்னால் குவிந்திருக்கும், வெளி மூன்றில் ஒரு பங்கு முன்னால் குழிந்திருக்கும். இதோடு நிறுத்திவிட்டால் இடது எலும்பைத் தலைகீழாகப் பிடித்து வலது என்று சொல்லிவிடுவீர்கள். கண்ணுக்கு அது அச்சு அசல் வலது மாதிரியே இருக்கும்.

மூன்றாவது திசை: கீழ்ப்பரப்பு. மேல்பரப்பு வழவழப்பு, தோலுக்கு அடியிலேயே இருப்பதால். கீழ்ப்பரப்பு கரடு. உள்முனை அருகே முதல் விலாவோடு கட்டும் லிகமென்ட்டின் (இணைப்புநார்) சொரசொரப்பு, நடுவில் சப்கிளேவியஸ் தசைக்கு நீளவாக்கில் ஒரு பள்ளம், வெளிப்பக்கம் பின்விளிம்பை ஒட்டி கோனாய்ட் மேடு. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீளவாக்கில் ஓட்டுங்கள். பள்ளம் விரலில் தட்டும் பக்கம் கீழே.

பட்டெல்லாவுக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு கேள்வி: கூர்முனையை எந்தப் பக்கம் வைத்தீர்கள்?

முதலாண்டு_முழி

கூர்முனை என்னைப் பார்த்து. வழவழப்பான பக்கம் மேசைமேல்.

டெமோ_மேசை

அதுதான் கோளாறு. கூர்முனை உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து உங்கள் முழங்காலையே குனிந்து பாருங்கள். சில்லின் கூர்முனை பாதத்தை நோக்கித்தானே இருக்கிறது? மேசையிலும் அப்படியே வையுங்கள்.

சாய்வதற்குக் காரணம், பின்பக்கம் குருத்தெலும்பு மூடிய பரப்பை ஒரு வரம்பு இரண்டாகப் பிரிக்கிறது. அதில் வெளிப்பக்கத் தளம் பெரியது. எலும்பு பெரிய தளத்தின் மேல்தான் உட்காரும். கூர்முனையைத் திருப்பி வைத்தால் இடமும் வலமும் மாறிவிடும். உங்கள் சில்லு வலதுதான்.

கணுக்கால்காரி

சாய்வதை மட்டும் நம்பாதீர்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். இரண்டு தளமும் ஏறக்குறைய சமமாக இருக்கும் பட்டெல்லாக்கள் உண்டு. வயதானவர்களின் எலும்பில் ஓரத்தில் ஆஸ்டியோஃபைட் (எலும்பு முள்) வளர்ந்து முட்டுக் கொடுத்துவிடும். பிளாஸ்டிக் என்றால் அச்சின் தையல் கோடு ஒன்றே போதும், பக்கம் மாற்றிச் சாயும். கையில் எடுத்து நடு வரம்பைத் தடவி, எந்தத் தளம் அகலம் என்று விரலால் பாருங்கள். சாய்ப்பது விரைவான சோதனை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கூர்முனை அருகே பின்பக்கம் கீழ்ப்பகுதியில் குருத்தெலும்புப் பரப்பு கிடையாது, கரடாக இருக்கும். மேல்-கீழ் சந்தேகம் வந்தால் அது உதவும்.

டெமோ_மேசை

ஒப்புக்கொள்கிறேன். சாய்கிறது என்று வைவாவில் செய்து காட்டினால் எக்ஸாமினர் உடனே "ஏன்?" என்பார். பெரிய தளத்தைச் சொல்லத் தெரியாவிட்டால் வித்தையால் பயனில்லை.

எலும்பு_சாவி

ஃபிபுலாவை யாரும் தொடவில்லையே. மாணவர்களைப் பாதிக்கு மேல் கவிழ்ப்பது அதுதான்.

மேல்-கீழ் முதலில். இரண்டு முனையும் கூர்மையாகத் தெரிவதால்தான் குழப்பம். மேல் முனை (தலை) குமிழ் மாதிரி, உச்சியில் ஒரு சிறு கூர்மை, டிபியாவோடு (கீழ்க்காலின் பெரிய எலும்பு) சேர சின்ன வட்டத் தளம். கீழ் முனை பக்கவாட்டில் நசுங்கியது. உள்பக்கம் முக்கோணத் தளம், கணுக்காலின் டேலஸ் எலும்பு அதில்தான் உரசும். அந்த முக்கோணத்துக்குப் பின்னால், சற்றுக் கீழே, சுண்டுவிரல் நுனி இறங்கும் அளவுக்கு ஒரு குழி. அதுதான் மலியோலர் ஃபோஸா.

குழி எங்கே இருக்கிறதோ அது கீழ் முனை. குழி எப்போதும் பின்னால். முக்கோணம் எப்போதும் உள்ளே. ஒரே முனையில் மூன்று திசையும் கிடைக்கிறது. தண்டைப் பார்க்கவே வேண்டாம். தண்டின் விளிம்புகள் முறுக்கிக்கொண்டு போகும், அதைப் பின்தொடர்ந்தவர் கெட்டார்.

கையில் செய்து பார்க்க: குழியுள்ள முனையைக் கீழே தொங்கவிடுங்கள். முக்கோணத் தளம் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். குழி உங்களுக்கு வலப்பக்கம் தெரிந்தால் வலது எலும்பு, இடப்பக்கம் தெரிந்தால் இடது.

முதலாண்டு_முழி

செய்தேன். குழி இடப்பக்கம். இரண்டு முறை பார்த்தாயிற்று.

எலும்பு_சாவி

அப்படியானால் அது இடது ஃபிபுலா. வலது பெட்டியில் இடது ஃபிபுலா. ஹாஸ்டலில் கை மாறி வரும் பெட்டிகளில் இது புதிதல்ல. டிபியாவை எடுத்துப் பாருங்கள்: கணுக்கால் உள்மேடு கீழே, உள்ளே, முன்விளிம்பு கத்தி மாதிரி முன்னால். அது வலதா?

முதலாண்டு_முழி

டிபியா வலது. ஃபிபுலாவை டிபியா பக்கத்தில் வைத்தால் சுமார் இரண்டு செ.மீ. நீளமாகவும் இருக்கிறது. மேல்முனையை முழங்கால் மட்டத்துக்கு வைத்துப் பார்த்தேன்.

கணுக்கால்காரி

மேல்முனையை முழங்கால் மட்டத்தில் வைக்கக் கூடாது. ஃபிபுலா முழங்கால் மூட்டில் சேரவே சேராது. டிபியாவின் வெளி கான்டைலுக்குப் (மேல்முனையின் வெளிப்பக்கப் புடைப்பு) பின்-கீழ்ப்பகுதியில் ஒரு சிறு வட்டத் தளம் இருக்கும், தலை அதில்தான் உட்கார வேண்டும். கீழே, வெளிக் கணு உள்கணுவைவிட ஒரு செ.மீ. அளவு தாழ்ந்திருக்கும். உங்கள் கணுக்காலையே இரண்டு விரலால் தொட்டுப் பாருங்கள், தெரியும். வகுப்பறையில் தொங்கும் பல பிளாஸ்டிக் எலும்புக்கூடுகளில் ஃபிபுலாவை முழங்கால் வரை ஏற்றித் திருகியிருப்பார்கள். அதைப் பார்த்துப் படிக்கிறவர் கணுக்கால் மூட்டு ஏன் வெளிப்பக்கம் அதிகம் புரளாமல் நிற்கிறது என்பதைப் புரிந்துகொள்ளவே முடியாது.

தலைக்குக் கீழே கழுத்தையும் ஒருமுறை விரலால் பிடித்துப் பாருங்கள். காமன் பெரோனியல் நரம்பு அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் முன்னால் வருகிறது, மேலே தோல் மட்டுமே. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போடும்போது அந்த இடத்தில் பஞ்சு போதாமல் இறுக்கிவிட்டால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே மரத்துப்போகும். கட்டுப் போட்டவரிடம் 'விரலைத் தூக்குங்க' என்று கேட்பது இதற்காகத்தான்.

தடயம்_44

பெட்டிக்காரருக்கு: சரியான இடத்தில் வைத்தும் நீளம் பொருந்தவில்லை என்றால் அது வேறொருவருடைய எலும்பு. ஒரே ஆளின் டிபியாவும் ஃபிபுலாவும் நீளத்தில் கிட்டத்தட்ட சமம். பக்கம் தவறு, ஆளும் தவறு.

எங்கள் தடயவியல் வேலையில் பக்கம் பார்ப்பது வைவாவுக்காக அல்ல. ஒரு குழியில் கலந்து கிடக்கும் எலும்புகளில் குறைந்தபட்சம் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டும். இரண்டு ஃபீமர் கிடைத்தால் ஒருவராகவும் இருக்கலாம், இருவராகவும் இருக்கலாம். இரண்டுமே வலது என்றால் இருவர், பேச்சே இல்லை. பக்கத்தைத் தவறாக எழுதினால் ஒரு ஆள் காணாமல் போகிறார். அடுத்த படி மூட்டைப் பொருத்திப் பார்ப்பது: ஃபீமரின் தலை அசிடாபுலத்தில் (இடுப்பெலும்பின் கிண்ணம்) உட்கார்கிறதா, உல்னாவின் (சுண்டுவிரல் பக்க முன்கை எலும்பு) கொக்கி ஹியூமரஸின் டிராக்ளியாவில் (கீழ்முனையின் உருளை) ஆடாமல் சுழல்கிறதா என்று.

இந்தப் பழைய உண்மை எலும்புப் பெட்டிகளுக்கு ஒரு கதை உண்டு. 1985இல் இந்தியா மனித எலும்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. அதுவரை வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிகளுக்குப் போன எலும்புக்கூடுகள் பெருமளவில் இங்கிருந்துதான், கொல்கத்தா வியாபாரிகள் வழியாகப் போயின. அங்கே எடுத்து வைத்தபோதே பல பேருடைய எலும்பைச் சேர்த்து ஒரு செட் ஆக்கியிருப்பார்கள். ஆகவே ஒரு பெட்டி ஒரு மனிதர் என்று நம்பக் கூடாது.

டெமோ_மேசை

தம்பி, அந்த ஃபிபுலாவை ஒதுக்கி வைத்துவிடுங்கள், தூக்கிப் போட வேண்டாம். இடது ஒன்று கையில் இருந்தால் வலதோடு ஒப்பிட்டுப் படிப்பது எளிது. மாற்றுக்கு இடது செட்காரர் எவரேனும் வலது ஃபிபுலாவை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருப்பார்.

முதலாண்டு_முழி

முன்கை எலும்பு இரண்டும் சேர்த்துச் சொல்லுங்கள் சார். ரேடியஸ் (கட்டைவிரல் பக்க முன்கை எலும்பு) தலை மேலே, உல்னா தலையும் மேலே என்று எழுதி அடி வாங்கியாயிற்று.

டெமோ_மேசை

உல்னாவின் தலை கீழே, மணிக்கட்டுப் பக்கம். மேலே இருப்பது கொக்கி. எல்லோரும் அடி வாங்கும் இடம் இது.

உல்னா: கொக்கியின் வாய் முன்னால். வாய்க்குப் பக்கத்தில் ரேடியஸ் தலை உருள ஒரு சின்ன தொட்டி, அது வெளிப்பக்கம். தீர்ந்தது.

ரேடியஸ்: தட்டு போன்ற தலை மேலே. கீழ்முனை அகலம். முன்பக்கம் வழவழ, குழிவு. பின்பக்கம் தசைநாண்களுக்கான பள்ளங்கள், நடுவில் லிஸ்டர் மேடு. கூர்மையான ஸ்டைலாய்ட் முனை வெளிப்பக்கம், கட்டைவிரல் பக்கம். மேலே பைசெப்ஸ் தசை ஒட்டும் மேடு உள்பக்கம். லிஸ்டர் மேட்டின் உல்னா ஓரத்தில் ஓடும் நாண்தான் கட்டைவிரலை நீட்டுவது. ரேடியஸ் விலகாமல் வெறும் கீறலாக உடைந்தவர்களுக்கும் சில வாரம் கழித்து அது தேய்ந்து அறுவதுண்டு.

நிழற்படம்

அந்த ஸ்டைலாய்டிலேயே ஒரு அளவு இருக்கிறது. முன்பின் எடுத்த மணிக்கட்டு எக்ஸ்ரேயில் ரேடியஸ் ஸ்டைலாய்டு உல்னா ஸ்டைலாய்டைவிட 1 செ.மீ. அளவு கீழே இறங்கியிருக்க வேண்டும். கையை ஊன்றி விழுந்தவருக்கு இரண்டும் ஒரே மட்டத்தில் வந்துவிட்டால் ரேடியஸ் குறுகிவிட்டது என்று பொருள், முறிவுக் கோடு தெரியாவிட்டாலும். காலிஸ் முறிவில் (ரேடியஸின் கீழ்முனை முறிவு) உடைந்த துண்டு பின்பக்கம் போய் முள்கரண்டி வளைவு தருவதும் லிஸ்டர் மேடு இருக்கும் அதே பக்கம்தான். பக்கம் பார்க்கும் அடையாளங்களை மனப்பாடமாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள், எக்ஸ்ரே படிப்பதும் இவற்றை வைத்துத்தான்.

எலும்பு_சாவி

மேல்-கீழ் தெரியாத நீள எலும்புக்கு நியூட்ரியன்ட் துளையும் உண்டு. தண்டில் ரத்தக்குழாய் நுழையும் துளை சரிவாக இருக்கும். ஊசியை நுழைத்தால் எந்தத் திசையில் போகிறது என்று தெரியும். கையில் முழங்கையை நோக்கிப் போகும்; காலில் முழங்காலை விட்டு விலகிப் போகும். வளரும் முனை அதற்கு எதிர்ப்பக்கம். அதாவது ஹியூமரஸ் மேல்முனையில், ரேடியஸும் உல்னாவும் கீழ்முனையில், ஃபீமர் கீழ்முனையில், டிபியா மேல்முனையில் அதிகம் வளரும். குழந்தையின் முழங்கால் பக்கம் வளர்தட்டு நசுங்கினால் கால் நீளக் குறைவு அதிகம் வருவதும் அதனால்தான்.

ஃபிபுலாவில் மட்டும் இதை நம்பி மேல்-கீழ் சொல்லாதீர்கள். துளை சில சமயம் தலைகீழாகப் போகும், சில சமயம் கண்ணிலேயே படாது.

முதலாண்டு_முழி

ஃபிபுலா விதியை மீறும் எலும்பு என்கிறார்களே, அது இதுதானா?

எலும்பு_சாவி

இல்லை, அது வேறு. விதி இது: நீள எலும்பில் எந்த முனையின் எலும்பாக்க மையம் (குருத்தெலும்பு எலும்பாக மாறத் தொடங்கும் இடம்) முதலில் தோன்றுகிறதோ, அந்த முனை கடைசியில் தண்டோடு ஒட்டும். ஃபிபுலாவில் கீழ்முனை மையம் முதலில் வருகிறது, பிறந்த முதல் ஓராண்டு அளவில். மேல்முனை மையம் 3, 4 வயதில்தான். ஆனால் ஒட்டுவதும் கீழ்முனையே முதலில். முதலில் வந்தது முதலில் போய்விடுகிறது. அதுதான் மீறல். வைவாவில் இதைக் கேட்டால் எந்த முனை, எப்போது, என்ன மீறல் என்று மூன்றும் சொல்ல வேண்டும். "ஃபிபுலா விதியை மீறும் சார்" என்று மட்டும் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டுவீர்கள்.

நிழற்படம்

மையம் தோன்றும் வரிசைதான் குழந்தை முழங்கையில் உயிர்நாடி. மொத்தம் 6 மையங்கள்: கேபிட்டுலம் (ரேடியஸ் தலை உருளும் குமிழ்), ரேடியஸ் தலை, உள் எபிகான்டைல் (ஹியூமரஸ் கீழ்முனையின் உள்பக்கப் புடைப்பு), டிராக்ளியா, ஒலிக்ரேனன் (உல்னா கொக்கியின் முனை), வெளி எபிகான்டைல். தோராயமாக 1, 3, 5, 7, 9, 11 வயது என்று வைத்துக்கொள்ளலாம். பெண் குழந்தைகளுக்குக் கொஞ்சம் முன்னதாக வரும். வயது முன்னே பின்னே போகலாம், வரிசை பெரும்பாலும் மாறாது.

எதற்கு? ஏழெட்டு வயதுக் குழந்தை, முழங்கை மூட்டு விலகி, திரும்பப் பொருத்தியாயிற்று. எக்ஸ்ரேயில் டிராக்ளியா இடத்தில் ஒரு துண்டு தெரிகிறது, உள் எபிகான்டைல் இருக்க வேண்டிய இடம் காலி. டிராக்ளியாவுக்கு முன் உள் எபிகான்டைல் வந்திருக்க வேண்டும் அல்லவா? அப்படியென்றால் அந்தத் துண்டு டிராக்ளியா இல்லை. பிய்ந்துபோன எபிகான்டைல் மூட்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அல்நார் நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. சந்தேகம் வந்தால் நல்ல கையையும் அதே கோணத்தில் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

புதியவர்_206

குறுக்கிடுகிறேன். எலும்பு 206 என்கிறார்கள். என் பிளாஸ்டிக் முழு செட்டில் எண்ணினால் 206 வரவில்லை. எங்கே தவறு?

டெமோ_மேசை

206 என்பது ஒரு எண்ணும் ஒப்பந்தம், உடலின் சட்டமல்ல. அச்சு எலும்பு 80: மண்டையில் 22, காதுக்குள் 6, நாக்கடியில் ஹையாய்ட் 1, முதுகுத்தண்டு 26, மார்பெலும்பு 1, விலா 24. கைகால் 126: மேல் 64, கீழ் 62. காதுக்குள் இருக்கும் ஆறும் ஹையாய்டும் பிளாஸ்டிக்கில் பெரும்பாலும் இருக்காது, அங்கேயே ஏழு போய்விட்டது. மண்டையை ஒரே அச்சாக ஊற்றியிருந்தால் இன்னும் போகும்.

26 என்பதிலும் முதுகுத்தண்டின் அடியிலுள்ள சேக்ரத்தின் ஐந்தை ஒன்றாகவும் வால் எலும்பான காக்சிக்ஸின் நாலைந்தை ஒன்றாகவும் எண்ணியிருக்கிறோம். பட்டெல்லாவும் பிசிஃபார்மும் (மணிக்கட்டின் ஒரு சிற்றெலும்பு) நாணுக்குள் உருவாகும் எலும்புதான், ஆனாலும் கணக்கில் உண்டு. கால் பெருவிரல் அடியில் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும் இரண்டு சிறு எலும்பும் கணக்கில் இல்லை. காலின் சுண்டுவிரலில் நடு எலும்பும் நுனி எலும்பும் ஒட்டிப்போனவர்கள் ஏராளம். அவர்களுக்கு 206 கிடையாது, ஒன்றும் ஆகிவிடவில்லை.

தடயம்_44

பெட்டிக்காரருக்கு ஒரு எச்சரிக்கை. உண்மை எலும்பு அழுக்காக இருக்கிறது என்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்காதீர்கள். கொலாஜனைத் தின்றுவிடும், மேல்பூச்சு மாவாக உதிரும், ஃபிபுலா முனையில் குழியே மழுங்கிவிடும். மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு, நிழலில் உலர்த்தல் போதும். வார்னிஷும் வேண்டாம், சிறு துளைகள் அடைபட்டுவிடும். தசை ஒட்டும் இடத்தைத் தொடக்கம் சிவப்பு, முடிவு நீலம் என்று வரைவது வழக்கம். முதலில் பென்சிலில் வரையுங்கள். பெட்டியில் முந்தைய ஆள் இடது ஃபிபுலாவை வலது என்று நினைத்து வரைந்திருந்தால், அந்தக் கோடுகளும் தவறான பக்கத்தில்தான் இருக்கும்.

முதலாண்டு_முழி

பார்த்தேன். ஃபிபுலாவில் சிவப்பு, நீலம் இரண்டும் முன்-பின் மாறித்தான் இருக்கிறது. கிளாவிக்கிளில் பள்ளம் விரலில் தட்டியது. பள்ளத்தைக் கீழே வைத்து, குவிவை முன்னால் வைத்தால் தடித்த முனை எனக்கு இடப்பக்கம் வருகிறது, என் உடம்பில் வைத்தபடி.

டெமோ_மேசை

உங்கள் உடம்பில் வைத்து, தடித்த முனை இடப்பக்கம் போனால் ஸ்டெர்னம் அந்த எலும்புக்கு இடப்புறம் இருக்கிறது. எலும்பு ஸ்டெர்னத்துக்கு வலப்புறம். வலது கிளாவிக்கிள். வைவாவிலும் இப்படியே உங்கள் தோளில் வைத்துக் காட்டிச் சொல்லுங்கள், எதிரில் இருப்பவர் தோளைப் பார்த்துச் சொன்னால் கண்ணாடி போல மாறிவிடும்.

கணுக்கால்காரி

வலது ஃபிபுலா என்னிடம் பிளாஸ்டிக்கில் உபரி ஒன்று இருக்கிறது, 38 செ.மீ. உங்கள் டிபியா எத்தனை செ.மீ. என்று அளந்து இங்கே போடுங்கள், பொருந்தினால் தருகிறேன். மேலிருந்து அளக்கும்போது நடுவில் உள்ள முள் போன்ற மேட்டை விட்டுவிட்டு, வெளிக் கான்டைலில் இருந்து உள்கணு நுனி வரை.